நாலு இருபது அம்மிணி

வாய்க்கால்புதூரில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பூவிழி நான்கு நாட்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்திருந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று அட்டைகளை வைத்தாள். முதல் அட்டையில் ஒரு சிகிச்சை. இரண்டாவதில் இன்னொரு சிகிச்சை. மூன்றாவதில் 'எதுவும் வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. அந்த மூன்றாவது அட்டைக்காகத்தான் அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரே ஒரு பெரியவர் அதைத் தொட்டார். அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. ஓட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

கோவையிலிருந்து ஜெரால்டு போன் செய்தார். ஆய்வுப் பிரிவின் தலைவர் அவர். குரலை உயர்த்தாமலே கிண்டல் செய்யக்கூடியவர்.

"மூணாவது அட்டையைப் பைக்குள்ளயே வெச்சிருக்கீங்களா பூவிழி?"

"இல்ல சார். வெளியிலதான் வைக்கிறேன்."

"அப்ப அந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லா வைத்தியமும் பிடிச்சிருக்கு."

"அப்படித்தான் சொல்றாங்க சார்."

"சொல்றாங்க. ஆனா வர்றதில்லையே" என்றார் ஜெரால்டு.

அதுதான் பிரச்சினை. நகல் முறை வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. நோய் வந்தபின் மனிதர்கள் பயத்தில் முடிவெடுக்கிறார்கள், பிறகு வருந்துகிறார்கள் என்று யாரோ ஆராய்ந்து காட்டினார்கள். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒவ்வொருவரிடமும் பதினாறு ஜோடி அட்டைகளைக் காட்டி, இதுவா அதுவா என்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து அவரைப் போலவே விரும்பத் தெரிந்த ஒரு நகலைச் செய்து ஆஸ்பத்திரியின் கணினியில் வைத்தார்கள். நோய் வந்தால் டாக்டர் நகலைக் கேட்பார். நகல் அழாது. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு மனதை மாற்றிக்கொள்ளாது. படுக்கையில் இருப்பவர் என்ன சொன்னாலும் அது பயத்தில் சொன்னது என்று குறித்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு குறை இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் நகலுக்குத் தெரியும். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை. மூன்றாவது அட்டை அதற்காகத்தான் வந்தது. நகல் சம்மதித்த தேதியில் பத்துப் பேரில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சம்பந்தி வீட்டில் வளைகாப்பு என்றார்கள். மாடு கன்று போட்டிருக்கிறது என்றார்கள். கட்டாயம் எதுவும் கிடையாது. வீட்டு வாசலுக்கு வண்டி வரும், அவ்வளவுதான். வராவிட்டால் மறுபடி வரும். மூன்றாவது முறை வண்டி வந்தபோது, இவ்வளவு தூரம் வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கூச்சப்பட்டு ஏறிக்கொண்டவர்கள் உண்டு.

இந்த ஊர் பூவிழிக்குப் புதிதல்ல. ஐந்து வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், முந்நூற்று நாற்பது பேரின் நகல்களுக்காக இங்கே பன்னிரண்டு நாள் அலைந்திருக்கிறாள். அந்தப் பதில்களை வைத்துத்தான் ஜெரால்டு தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். எவ்வளவு வலித்தாலும், எதை இழந்தாலும், நீண்ட ஆயுளையே தேர்ந்தெடுக்கிறவர்கள் மற்ற ஊர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர். இங்கே நாற்பத்தொன்று. இதற்கு 'வாய்க்கால்புதூர் விளைவு' என்று பெயர் வைத்தார். தண்ணீரா, மஞ்சள் காடா என்று காரணம் தேடி இன்னும் இரண்டு பேர் பட்டம் வாங்கினார்கள்.

ஊர் அவளை மறக்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும், "நாலு இருபது அம்மிணி வந்திருக்குது" என்று சிரித்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று பூவிழி கேட்கவில்லை. கேட்பது அவளுக்கு எளிதல்ல. ஈரோடு போகும் பஸ் நாலு இருபதுக்கு. அதைப் பிடிக்க ஓடியிருக்கிறாள். அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு காபி கொடுத்தார்கள். அதை மறுக்கவும் அவளுக்குத் தெரியாது. நான்காம் நாள் பதினோராவது காபியைக் குடித்த வீட்டில், வேண்டாம் என்பதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கோகிலவாணியைப் போய்ப் பார் என்றார்கள்.

கோகிலவாணி கல்யாணத் தரகர். வயது அறுபத்தொன்று. நகல்கள் வந்தபின்னும் தரகர்கள் இருந்தார்கள். ஜோடி சேர்க்கக் கணினி போதும். ஜோடி சேராததைச் சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.

கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டைச் சுற்றியிருந்தார். குரல் அரம் ராவுவது போல வந்தது.

"வா அம்மிணி. நாலு இருபதுக்கு இன்னும் நேரம் கெடக்குது. உக்காரு."

பூவிழி உட்கார்ந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னாள். இந்த ஊரில் யாருமே மறுப்பதில்லையா என்று கேட்டாள்.

"மறுக்காம என்ன? தெனமும்தான் மறுக்கறாங்க. அந்த வார்த்தையச் சொல்றதில்ல, அவ்வளவுதான்." கோகிலவாணி தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "முப்பத்தி ரெண்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். பையனப் புடிக்கலீன்னு ஒருத்தர் வாயிலயும் கேட்டதில்ல. ஜாதகம் பொருந்தி வரலீங்கம்பாங்க. ஜாதகமே எழுதாத ஊட்டுல, கோயில்ல பூக் கேட்டோம், அம்மன் குடுக்கலீங்கம்பாங்க. எந்தக் கோயில்ல கேட்டீங்கன்னு நானும் கேக்க மாட்டேன். ரெண்டு ஊட்டுக்கும் கௌரவம் போகாது. மறுநா கடைவீதியில பார்த்தா சிரிச்சுக்கலாம்."

"அது பொய்தானுங்களே?"

"பொய்யின்னு ரெண்டு பேத்துக்குமே தெரியுது. அப்பறம் அது எப்படிப் பொய்யாகும்?"

பூவிழி பையிலிருந்து மூன்றாவது அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"நீ வெயில்ல வந்து உக்காந்து, முன்னாடி அட்டைய வெச்சு, எதுவும் வேண்டாம்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கற. அதத் தொட்டா உன்னையே வேண்டாம்னு சொன்னாப்புல ஆயிராதா? எவ தொடுவா?"

அடுத்த நாள் மூன்றாவது அட்டை மாறியது. 'இப்போதைக்குப் பொருந்தி வரவில்லை' என்று அச்சடித்துக்கொண்டு போனாள். இரண்டு நாளில் தொண்ணூற்றாறு பேர். அவர்களில் முப்பத்தொரு பேர் அந்த அட்டையைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்கள். ஒரு பாட்டி அட்டைக்கு நன்றி சொன்னாள்.

ஜெரால்டு போனில் எண்ணிக்கையை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, இந்த வாக்கியத்தை யார் சொன்னது என்று கேட்டார்.

"ஒரு கல்யாணத் தரகருங்க சார்."

"கட்டுரையில எப்படிப் போடறது?"

"துறை வல்லுநர்னு போடலாம் சார்."

திங்கட்கிழமை நன்றி சொல்லப் போனபோது கோகிலவாணியின் மகன் கவின் வாசலில் நின்றிருந்தான். முப்பது வயது. ஊரின் சூரிய மோட்டார்களையெல்லாம் பழுது பார்க்கிறவன். கையில் ஆஸ்பத்திரியின் காகிதம். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி என்றான். குரல்வளையை எடுத்துவிட்டால் பத்து வருடத்துக்கு மேல் இருப்பாராம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வரும்.

உள்ளே கோகிலவாணி எதுவும் நடக்காதது போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். டாக்டர் போடக்கூடாது என்று சொன்னதால் தடவி மட்டும் வைத்தார்.

"என்ற நகல் சரின்னுட்டாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல." பூவிழியைப் பார்த்தார். "ஏம் அம்மிணி, அவளுக்கு வயசாகுமா?"

"ஆகாதுங்க. பதில் சொன்ன அன்னைக்கு எப்படியோ, அப்படியே இருப்பாங்க."

"அப்ப அவ இன்னும் அம்பத்தாறுலயே நிக்கறா. முட்டி வலியும் இருக்காது. குடுத்து வெச்சவ."

குரல்வளையை எடுத்தபின் தொண்டையில் சின்னக் கருவி வைப்பார்கள். அது பேசும். மாதிரிக்கு ஒன்றைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். மிகத் தெளிவான குரல் என்று கவின் சொன்னான். அதுதான் வம்பு என்றார் கோகிலவாணி. பெண் வீட்டுக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லும்போது முதலில் கொஞ்சம் இழுக்க வேண்டும், நடுவில் ஒரு பெருமூச்சு வேண்டும், கடைசியில் பாதியில் நிறுத்த வேண்டும். அந்தக் கருவிக்கு இழுக்க வராது.

"கதிர்வீச்சுன்னு இன்னொண்ணு இருக்குதுங்களே" என்றாள் பூவிழி. "நாலஞ்சு வருசம் கிடைக்கும். குரலும் பாதி இருக்கும்."

"கோயமுத்தூர்ல ஏழு வாரம் படுத்துக் கெடக்கணும். வந்து பாதிக் குரல்ல பேசுனா பாதிக் கல்யாணந்தான் ஆகும்." பிறகு, கறிவேப்பிலை இரண்டு இணுக்குச் சேர்த்துக் கேட்பது போலக் கேட்டார். "உன்ற மூணாவது அட்டையில என்னையும் சேத்துக்க முடியுமா?"

முடியாது. மூன்றாவது அட்டை இனிமேல் செய்யும் நகல்களுக்கு மட்டும்தான். பழைய நகலை ரத்து செய்ய ஒரே வழி, அன்றைக்குப் பதில் வாங்கிய ஊழியரே அந்தப் பதில்கள் பிழையானவை என்று எழுதிக் கொடுப்பது. இதைச் சொல்லிக்கொண்டே பூவிழி தன் கையடக்கக் கணினியில் கோகிலவாணியின் பழைய பதிவைத் தேடினாள். கிடைத்தது. பதினாறு ஜோடி அட்டைகளில் பதினாறு முறையும் இடது பக்க அட்டை. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. பதிவான நேரம் நாலு மணி ஐந்து நிமிடம். ஊழியர் எண் முப்பத்தேழு.

முப்பத்தேழு அவள்தான்.

"எல்லாத்துலயும் இடது பக்கமே தொட்டிருக்கீங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சே."

பூவிழிக்குப் புரியவில்லை. கோகிலவாணி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"மொத நாள் பஸ்ஸ விட்டுட்டு, ஆறு பத்து வரைக்கும் ஸ்டாப்புல உக்காந்து அழுதுட்டிருந்தயே. ஊரே பார்த்துச்சு. மறுநாள்ல இருந்து மூணு மணிக்கு மேல உன்னய யாரும் காக்க வெக்கக் கூடாதுன்னு நாங்களே பேசி வெச்சுக்கிட்டோம். இடது பக்கத்து அட்டை கைக்குக் கிட்டக்க இருந்துச்சு. தொட்டுத் தொட்டு உட்டோம். நீயும் அன்னைக்கெல்லாம் வேகமாத்தான் அடுக்கின."

வேகமாகத்தான் அடுக்கினாள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டி, எந்த அட்டை இடது, எந்த அட்டை வலது என்று மாற்றி வைக்க வேண்டும் என்பது விதி. மூன்று மணிக்கு மேல் அவள் நாணயத்தைச் சுண்டவில்லை. பெட்டியில் இருந்த வரிசையிலேயே எடுத்து வைத்தாள். பெட்டியில் நீண்ட ஆயுள் எப்போதும் இடது பக்கம்.

யாரும் பார்க்கவில்லை என்று ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்த ஒரு அழுகையை ஊரே பார்த்திருக்கிறது என்பதுதான் முதலில் அவள் மனதில் பட்டது. காது சூடானது. மற்றது பிறகுதான் பட்டது. மூன்று மணிக்கு மேல் பதில் சொன்னவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். அத்தனை பேரின் நகல்களும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, எதை வெட்டினாலும் சரி, எதை எடுத்தாலும் சரி, நாங்கள் வாழ வேண்டும் என்று தைரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் விரும்பியதெல்லாம் ஒரு பெண் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் கோவைக்குப் போனாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஜெரால்டின் அறையில் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கொண்டுவந்த காகிதத்தை மேசையில் வைத்தாள். ஒரு வரைபடம். கிடைக்கோட்டில் மணி. நெடுக்கோட்டில் ஒரு ஜோடி அட்டைக்கு எடுத்துக்கொண்ட விநாடிகள். காலையில் முப்பது, நாற்பது என்று மேலும் கீழும் ஆடிய புள்ளிகள், மூன்று மணிக்கு மேல் சரிந்து, நாலு மணிக்குத் தரையில் ஒட்டிக்கொண்டன. பின்னிணைப்பாக பஸ் நேர அட்டவணை.

ஜெரால்டு நெடுநேரம் பார்த்தார்.

"நாணயம்?"

"மூணு மணிக்கு மேல சுண்டல சார்."

அவர் பின்னால், சுவரில், கட்டுரையின் முதல் பக்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப, இந்த ஊர்க்காரங்களுக்கு உயிர் மேல ஆசை அதிகம்னு நான் எழுதினது..."

"என் மேல இரக்கம் சார்."

"அதை அளக்க நம்மகிட்ட அட்டையே இல்லையே" என்றார். சிரிக்கவில்லை.

பதினைந்து நாளில் ஒரு மாநாடு இருந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாய்க்கால்புதூர் விளைவைப் பற்றி அவர்தான் முதலில் பேசுகிறார். நூற்று நாற்பத்தொரு நகல்களையும் மாநாடு முடிந்தபின் ரத்து செய்தால் என்ன என்று அவர் கேட்டார். நல்லவிதமாகத்தான் கேட்டார். அப்படிக் கேட்டால் பூவிழி சரிங்க சார் என்று சொல்லிவிடுவாள் என்று இருவருக்கும் தெரியும்.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை வண்டி வருது சார்" என்றாள்.

அதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை. போகவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் ஜெரால்டு ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஒழுங்கு நடவடிக்கைக் காகிதமும் தயாராகும், இனி அவளைக் களவேலைக்கு அனுப்ப மாட்டார்கள், வாய்க்கால்புதூர்தான் கடைசி ஊர் என்றார். பிறகு, அவள் கதவருகே போனபோது, அந்த ஊரில் பஸ் இப்போதும் நாலு இருபதுக்குத்தானா என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

"இந்தத் தடவ நாணயத்தைச் சுண்டுங்க."

புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு அவள் கோகிலவாணியின் வீட்டுக்குப் போனாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மூன்று அட்டைகள் பையில் இருந்தன. நகல் இல்லாத ஒருவரை நேரில்தான் கேட்க வேண்டும். அவர் எதைத் தொடுகிறாரோ அதுதான் நடக்கும்.

கவின் அவளை வேப்பமரத்தடியிலேயே நிறுத்தினான். அவன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

"ஆபரேசன் அட்டையத் தொடச் சொல்லுங்கன்னு நான் கேக்கலீங்க" என்றான். "போன தடவ உங்க மூஞ்சியப் பார்த்துட்டுத்தான அம்மா பதினாறும் தொட்டாங்க. இன்னைக்கும் கொஞ்சம் பாவமா உக்காருங்க. அம்மாவுக்கு மறுக்க மனசு வராது. அது போதும்."

பூவிழி அவனைப் பார்த்தாள். பாவமாக இருப்பதற்கு அவள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் சிக்கல்.

உள்ளே போனாள். ஒரு ஸ்டூலில் மூன்று அட்டைகளையும், நாணயம் சுண்டி, வரிசை மாற்றி வைத்தாள். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தாள். ஆபரேசன், பத்து வருடத்துக்கு மேல், கருவியின் குரல். கதிர்வீச்சு, ஏழு வாரம் கோவையில், நாலைந்து வருடம், பாதிக் குரல். மூன்றாவது, இப்போதைக்குப் பொருந்தி வரவில்லை, வலி வந்தால் வலிக்கு மட்டும் மருந்து, ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு. படித்து முடித்ததும் தன் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, கோகிலவாணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இதென்ன அம்மிணி, பொண்ணு புடிக்காத மாப்பிள்ளையாட்ட உக்காந்திருக்கற?"

"என் மூஞ்சி உங்களுக்குத் தெரியக் கூடாதுங்க."

பின்னால் சிரிப்பும் இருமலும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. முகூர்த்த நாட்களையெல்லாம் கோகிலவாணி சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். ஐப்பசிவரை இருந்த வட்டங்களைப் பூவிழி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

நாலு இருபதுக்குத் தெருமுனையில் பஸ் வந்தது. அந்தப் பஸ்ஸை ஓட்ட ஆள் தேவையில்லை. யார் இன்னும் வந்து சேரவில்லை என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு கண்டக்டர் இருந்தார். அவர் பஸ்ஸை நேராக ஸ்டாப்புக்குக் கொண்டுபோகாமல் கோகிலவாணியின் வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடிக்க வைத்தார். நாலு இருபது அம்மிணி உள்ளே இருக்கிறாள் என்று ஊரே அவருக்குச் சொல்லியிருக்கும்.

பின்னால் ஸ்டூலில் ஓர் அட்டை அவசரமாக நகரும் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கத்தை வைத்துப் பார்த்தால், இடது பக்கத்து அட்டை. அது ஆபரேசன். நாணயம் இன்றைக்கும் அதை அங்கேதான் வைத்திருந்தது.

பூவிழி எழுந்தாள். திரும்பாமலே சன்னலுக்குப் போனாள். பஸ்ஸில் இருந்த ஏழெட்டு முகங்களும் அவளையே பார்த்தன. எல்லாம் சிரித்த முகங்கள். இடம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று ஒரு அம்மா கையால் காட்டினாள்.

"நான் வரலீங்க" என்றாள் பூவிழி. குரல் வாசலைத் தாண்டவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "எனக்கு இந்த பஸ் வேண்டாமுங்க. நீங்க போங்க."

கண்டக்டர் முகம் சுருங்கிப்போனது. என்ன தப்பு செய்தோம் என்பது போல அவளைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைத் தட்டினார். அது போயிற்று.

அவள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் அட்டை மெதுவாக அதன் இடத்துக்கே நகர்ந்து போகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. வெளியே கவின் எதையோ கழற்றி எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை கோகிலவாணியின் போன் அடித்தது. யாருக்கோ பதில் சொன்னார். முதலில் கொஞ்சம் இழுத்தார். நடுவில் பெருமூச்சு விட்டார். அரம் ராவும் குரலில், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். நல்லா இருங்க என்று சொல்லி வைத்தார். வெயில் சன்னலை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது.

ஓர் அட்டை எடுக்கப்படும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம்.

"திரும்பு அம்மிணி."

திரும்பினாள். கோகிலவாணி மூன்றாவது அட்டையை மடியில் வைத்திருந்தார். கவின் நிலைப்படியில் வந்து நின்றிருந்தான். அவன் அம்மாவைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், அடுப்படிக்குப் போனான். பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது. வெகுநேரம் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

பூவிழி படிவத்தைத் திறந்தாள். மறுபடி கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டாள்.

"பொருந்தி வரவில்லைன்னு எழுதிக்கட்டுங்களா?"

கோகிலவாணி அட்டையைப் பார்த்தார். தன்னுடைய வாக்கியம்தான். முப்பத்திரண்டு வருடமாக எத்தனையோ வீடுகளுக்குச் சுமந்துபோய்க் கொடுத்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து ஸ்டூலில் வைத்தார்.

"அது அடுத்த ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்றது" என்றார். "நீ வேண்டாம்னே எழுது."

பூவிழி எழுதினாள். எடுத்துக்கொண்ட நேரம் என்ற கட்டத்தில் கணினி தானாகவே ஒரு மணி ஐந்து நிமிடம் என்று காட்டியது. இது வழக்கத்துக்கு மாறாக நீண்டிருக்கிறது, பதிலின் தரம் சந்தேகத்துக்குரியது என்று பக்கத்தில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கவின் காபியோடு வந்தான். கண் சிவந்திருந்தது. குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த பஸ் ஆறு பத்துக்குத்தான் என்றான்.

"தெரியுமுங்க" என்றாள் பூவிழி.